ஓதம் ஏறுற சுவரு

வணக்கம்ங்க. பருவநிலை மாற்றத்தால நம்ம பழைய கோயில், கோட்டை, தோண்டி எடுத்த இடம் இதுக்கெல்லாம் என்ன ஆபத்துன்னு ஒரு இருவது நிமிஷம் பேசணும்னு வானொலி நிலையத்துல இருந்து போன் பண்ணாங்க. நான் உடனே சொல்லிட்டேன், இங்க பாரும்மா நான் தொல்லியல் படிச்சவ இல்ல, காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்து ரிட்டயர்டு ஆனவ, எனக்குத் தெரிஞ்சது உப்பு, அதைப் பத்தி வேணா பேசுறேன்னு. அந்தப் பொண்ணு சிரிச்சுருச்சு. சிரிச்சுட்டு சரின்னும் சொல்லிருச்சு, அதான் வந்து உக்காந்திருக்கேன்.

முதல்ல ஒரு சுவரு. எங்க மாமனார் வீடு தரங்கம்பாடிக்குப் பக்கத்துல, கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கு. ஓட்டு வீடு, செங்கல், சுண்ணாம்புக் காரை. கூடத்துல கிழக்குப் பக்கச் சுவத்துல கீழ ஓரத்துல எப்பவும் ஈரமா ஒரு கறை இருக்கும், அந்தக் கறையோட மேல் விளிம்புல நரைச்ச மீசை மாதிரி வெள்ளையா பூத்திருக்கும், விரலால தொட்டா பஞ்சு மாதிரி உதிரும், நாக்குல வச்சா கரிக்கும். ஆமா, நாக்குல வச்சுப் பாத்தேன், லேப்ல பசங்களைச் செய்யாதீங்கன்னு சொன்னதை எல்லாம் டீச்சர்ங்க வீட்ல செய்வாங்க. நான் கல்யாணமாகி வந்த புதுசுல மாமியார் அந்தக் கறையைக் காட்டி "ஓதம் ஏறுது, அது அப்படித்தான்" அப்படின்னு சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. எனக்கு விட மனசு இல்ல. அந்த விளிம்புல பென்சிலால ஒரு கோடு போட்டு பக்கத்துல வருஷத்தை எழுதினேன். அதுக்கப்புறம் வருஷா வருஷம் தை மாசம் ஊருக்குப் போறப்ப ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அப்புறம் வரேன்.

இந்த ஓதம்ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பாருங்க. இன்னைக்கு நாம சுவத்துல ஏறுற ஈரத்துக்கு ஓதம்ங்கிறோம். பழைய தமிழ்ல ஓதம்னா கடல், கடல் அலை, பொங்கி வர்ற வெள்ளம். ஓதநீர்னா கடல் தண்ணி. ஒரே வார்த்தை அலைக்கும் சுவத்து ஈரத்துக்கும் எப்படி வந்துச்சுன்னு மொழி படிச்சவங்க சொல்லணும், ஆனா கெமிஸ்ட்ரிக்காரிக்கு இது ரொம்பப் பொருத்தமா படுது. ஏன்னா பழைய கட்டடத்துக்குக் கடல் ரெண்டு விதமா வருது. அலையா வர்றது எல்லார் கண்ணுக்கும் தெரியுது, டிவியில காட்டுறாங்க. ஈரமா சுவத்துக்குள்ள ஏறி வர்றதை யாரும் காட்டுறதில்ல. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் அதிகமா அழிக்குது.

எப்படின்னு கேட்டா உங்க அடுப்படியில இருக்கிற உப்பு ஜாடியை நினைச்சுக்கோங்க. கல்லுப்பு. ஐப்பசி கார்த்திகை மழையில நசநசன்னு தண்ணி விட்டுக்கிட்டு இருக்கும், பங்குனி சித்திரையில கட்டிதட்டிப் போய் கரண்டிக் காம்பால குத்தணும். காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா சாதா உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக் கரைஞ்சிரும், அதுக்குக் கீழ வந்தா திரும்ப படிகமா ஆயிரும். ஜாடிக்குள்ள நடந்தா ஒண்ணும் இல்ல, இடம் இருக்கு. கல்லுக்குள்ள, செங்கலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டை இருக்குல்ல, அதுக்குள்ள கரைஞ்ச உப்பு போய் உக்காந்து அங்கேயே படிகமா வளர்ந்தா அதுக்கு இடம் பத்தாது, சுத்தி இருக்கிற கல்லை நெட்டித் தள்ளும். ஒரு தடவை தள்ளினா ஒண்ணும் ஆகாது. நம்ம கடற்கரையில விடியக்காலையில ஈரப்பதம் 80க்கு மேல, மத்தியானம் வெயில்ல அறுபது சொச்சம், அப்போ கிட்டத்தட்ட தினம் ஒரு தடவை கரைஞ்சு தினம் ஒரு தடவை இறுகுது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுக்கோங்க. ஒரு லிட்டர் கடல் தண்ணியில 35 கிராம் உப்பு, அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

ஆயிரத்து முந்நூறுன்னு சும்மா சொல்லல. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், ராஜசிம்மன்னு சொல்ற ரெண்டாம் நரசிம்மவர்மன் காலம், 8ஆம் நூற்றாண்டு தொடக்கம். போனவங்க எல்லாரும் கடலைப் பின்னாடி வச்சு போட்டோ எடுத்துட்டு வந்திருப்பீங்க. அடுத்த தடவை போனா அந்தச் சுத்து மதில் மேல வரிசையா உக்காந்திருக்கிற நந்திகளைக் கிட்டப் போய்ப் பாருங்க. பல நந்திக்கு மூஞ்சியே இல்ல. கொம்பு இல்ல, கண்ணு இல்ல, சப்பின கல்கண்டு மாதிரி வழவழன்னு ஒரு உருண்டை, திமிலும் முதுகும் இருக்கிறதால நந்தின்னு தெரியுது. பாத்துட்டு அப்படியே ஊருக்குள்ள நடந்து அர்ச்சுனன் தபசுக்கு வாங்க. அங்க யானைக் காலுக்குப் பக்கத்துல ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு தவம் பண்ணுமே, சுத்தி எலிங்க இருக்குமே, அந்தப் பூனையோட விலா எலும்பை எண்ணலாம். இதுவும் பல்லவர் வேலைதான், அதே ஊர்ல கிடைக்கிற கருங்கல்தான், சொல்லப்போனா தபசுச் சிற்பம் கடற்கரைக் கோயிலை விட வயசுல மூத்தது. மூத்தது பளிச்சுன்னு இருக்கு, இளையது தேஞ்சு போச்சு. நடுவுல என்ன வித்தியாசம்? கடல்ல இருந்து சில நூறு மீட்டர் தூரம். உப்புக் காத்து எவ்வளவு நேரா படுதுங்கிறதுதான், வேற ஒண்ணும் பெருசா இல்ல.

இந்த உப்பை எடுக்க முடியாதான்னா முடியும், கொஞ்சம் கொஞ்சமா. இந்தியத் தொல்லியல் துறையில வேதியியல் பிரிவுன்னே தனியா ஒண்ணு இருக்கு, அவங்க கடற்கரைக் கோயில் கல்லு மேல காகிதக் கூழை அப்புறாங்க. நம்ம பாட்டிங்க பழைய பேப்பரை ஊற வச்சு வெந்தயம் போட்டு அரைச்சு முறத்துக்குப் பூசுவாங்களே, கிட்டத்தட்ட அதே கூழ்தான், வெந்தயம் மட்டும் கிடையாது, தண்ணி உப்பே இல்லாத சுத்தத் தண்ணியா இருக்கணும். ஈரக் கூழ் கல்லுல ஒட்டி இருக்கிறப்ப உள்ள இருக்கிற உப்பு கரைஞ்சு வெளிய கூழுக்கு வரும், காய்ஞ்ச பிறகு கூழை உரிச்சு எடுத்தா உப்பும் அதோட வந்துரும். மறுபடியும் அப்பணும், மறுபடியும் உரிக்கணும்.

இதை நான் காலேஜ்ல பசங்களுக்குச் செஞ்சு காட்டுவேன். ஒரு வருஷம் தரங்கம்பாடிப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, அவங்க வீட்டு இடிஞ்ச திண்ணையில இருந்து ஒரு செங்கலைப் பையில போட்டு பஸ்ல கொண்டாந்துச்சு. அதுக்குக் கூழ் அப்பி மூணு நாள் ஜன்னலோரம் வச்சோம், உரிச்சு, டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு, வடிகட்டி, டெஸ்ட் டியூப்ல எடுத்து சில்வர் நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டோம். மோர் திரிஞ்ச மாதிரி குபுகுபுன்னு வெள்ளையா வந்துச்சு. குளோரைடு, அதாவது உப்பு இருக்குன்னு அர்த்தம். அந்தச் செங்கலுக்கு நாலு தடவை கூழ் மாத்தினோம், நாலாவது தடவையும் டியூப் கலங்கலாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, மேடம் ஒரு செங்கலுக்கே நாலு தடவைன்னா எங்க ஊர்க் கோயிலுக்கு எத்தனை தடவைன்னு. நான் என்ன சொல்ல, பெல் அடிச்சிருச்சு.

அந்த ஊர்க் கோயில்னா மாசிலாமணிநாதர் கோயில். தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க வந்து 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட இடம் வாங்கிக் கோட்டை கட்டினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல வந்து இறங்கினது, அச்சுக்கூடம் வச்சது எல்லாம் பாடத்துல இருக்கு. டேனிஷ்காரங்க வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல, 14ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கட்டின கோயில் அது. கல்வெட்டுல ஊர் பேரு சடங்கன்பாடின்னுதான் இருக்கு. தரங்கம்பாடின்னா அலை பாடுற ஊர்னு டூரிஸ்டுகளுக்குச் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, அதுவும் இருக்கட்டும். கோயிலோட முன்பகுதியை முழுசா கடல் எடுத்துக்கிச்சு. நான் முதல் தடவை பாத்தப்ப கருவறைப் பக்கம் மட்டும் பாதி உடைஞ்சு நின்னுச்சு, மண்டபக் கல்லெல்லாம் தண்ணிக்குள்ள பாசி பிடிச்சுக் கிடந்துச்சு, நண்டு ஓடுது அதுக்கு மேல. பின்னாடி திருப்பணி பண்ணாங்க, கடலோரம் கருங்கல் கொட்டினாங்க, இப்ப கோயில் இருக்கு. இருக்குங்கிறதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா பாண்டியன் கட்டின சுவத்தையும் நம்ம காலத்துல கட்டின சுவத்தையும் ஒண்ணா நினைச்சுக்க முடியாது, அதையும் சொல்லிரணும்.

கருங்கல் கொட்டுறதைப் பத்தி அங்க ஒரு அண்ணன்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன், வலை பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. "டீச்சரம்மா, கல்லு போட்ட இடம் நிக்கும், கல்லுக்கு வடக்கால இருக்கிற இடம் போயிரும், அப்புறம் அங்க கல்லு கேப்போம், அதுக்கு வடக்கால உள்ளவன் கேப்பான், இப்படியே மெட்ராஸ் வரைக்கும் போட வேண்டியதுதான்" அப்படின்னாரு. படிச்சவங்க வரைபடம் போட்டு விளக்குறதை அவரு ஒரு மூச்சுல சொல்லிட்டாரு. சோழகம்னு சொல்ற தெக்கத்திக் காத்து அடிக்கிற மாசத்துல கரையோர மணல் வடக்கே நகரும், வாடையில தெக்கே நகரும், கூட்டிக் கழிச்சுப் பாத்தா நம்ம கிழக்குக் கரையில வடக்கே போறதுதான் அதிகம். நடுவுல கடலுக்குள்ள நீட்டிக் கல்லு கொட்டுற தூண்டில் வளைவோ துறைமுகமோ குறுக்க நின்னா தெக்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கடல் அரிக்கும். இதுக்குப் பெரிய சாட்சி சென்னை, துறைமுகம் கட்டினதுக்கு அப்புறம் தெக்க மெரினா அகலமாச்சு, வடக்க ராயபுரம் பக்கம் கரையே போச்சு. ஆத்துல அணை கட்டி மணலை மேலேயே நிறுத்திட்டோம், மிச்சத்தை லாரியில அள்ளிட்டோம், அதுவும் சேந்துக்குது. அதனால கரை அரிக்கிறதெல்லாமே பருவநிலை மாற்றம்தான்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். மனுஷன் பண்ணின பத்து வேலைக்கு மேல பதினொண்ணாவதா கடல் மட்டம் ஏறி வருதுன்னு சொல்லுங்க, அது சரி.

இந்த இடத்துல எப்பவும் ஒருத்தர் எந்திரிச்சு ஒரு கேள்வி கேப்பாரு. ஏம்மா, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டப்ப கார் இருந்துச்சா, ஃபேக்டரி இருந்துச்சா, அப்பவே முழுங்கின கடல்தானே இதுன்னு. நல்ல கேள்விதான். இந்திரவிழா எடுக்க மறந்ததால கடல் ஊரைக் கொண்டுச்சுன்னு மணிமேகலையிலேயே இருக்கு, அதாவது அப்பவே காரணம் தேடியிருக்காங்க. கடல் வரும் போகும். பாண்டியனோட துறைமுகம் கொற்கை இன்னைக்குக் கடல்ல இருந்து சில கிலோமீட்டர் உள்ள தள்ளிக் கிடக்கு, அங்க கடல் பின்வாங்கியிருக்கு. பூம்புகார்ப் பக்கம் கீழையூர்ல தோண்டினப்ப செங்கல்ல கட்டின படகுத்துறை, படகு கட்டுற மரக்கம்போட கிடைச்சுச்சு, அது இப்ப வயக்காட்டுக்கு நடுவுல. அதனால கடல் நகர்றது புதுசு இல்ல. வேகம் புதுசு. ஐநா பருவநிலைக் குழுவோட கணக்குப்படி 1901ல இருந்து 1971 வரைக்கும் உலகக் கடல் மட்டம் வருஷத்துக்குச் சராசரியா 1.3 மில்லிமீட்டர் ஏறிச்சு, 2006ல இருந்து 2018 வரைக்கும் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர். மொத்தமா 1901ல இருந்து 2018க்குள்ள 20 சென்டிமீட்டர், ஒரு சாண்னு வச்சுக்கோங்க. வருஷத்துக்கு 3.7ன்னா ஒரு மிளகு அளவு கூட இல்லையேன்னு தோணும். நமக்கு வேணா தோணலாம்.

ஏன்னா தண்ணி தரைக்கு மேல மட்டும் ஏறல, அடியிலயும் ஏறுது. கடலோர ஊர்ல நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு இருக்கு, எண்ணெய் தண்ணி மேல நிக்கிற மாதிரி, நல்ல தண்ணிதான் லேசு. இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, நல்ல தண்ணி மட்டம் 1 அடி இறங்கினா அடியில இருக்கிற உப்புத்தண்ணி சுமார் 40 அடி மேல வரும். போர் போட்டு உறிஞ்சுறோம், ஆத்துல தண்ணி வர்றதில்ல, அந்தப் பக்கம் கடல் மட்டமும் ஏறுது, மூணும் சேந்து உப்பை மேல கொண்டாருது. எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணி ஒரு காலத்துல பருப்பு வேகுற தண்ணி, இப்ப வாயில வைக்க முடியாது, கரிக்குது. அந்தக் கெணத்துக்கும் அந்தக் கூடத்துச் சுவத்துக்கும் அடியில ஒரே மண்ணுதான். கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கோம், அலையைக் கண்ணால பாக்க முடியாது, ஆனா கடல் சுவத்துல ஏறிக்கிட்டு இருக்கு. இந்த மாதிரி உள்ள தள்ளி இருக்கிற கோயிலும் மசூதியும் சர்ச்சும் சத்திரமும் டெல்டா முழுக்க எத்தனை! கடல் அரிப்புப் பட்டியல்ல அதெல்லாம் வராது.

உப்பு கடலோரத்துச் சமாச்சாரம் மட்டும்னு நினைச்சுறாதீங்க. மொகஞ்சதாரோ கடல்ல இருந்து எவ்வளவோ தூரம், சிந்து நதி ஓரம். 1922ல ஆர்.டி. பானர்ஜி தோண்ட ஆரம்பிச்சாரு. நாலாயிரத்து ஐநூறு வருஷம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்த செங்கல் வெளிய வந்து நூறு வருஷத்துக்குள்ள மாவா உதிர ஆரம்பிச்சிருச்சு. பாசனத்தால நிலத்தடி நீர் ஏறி, அதுல உப்பு, செங்கல் உறிஞ்சிருச்சு, மேல வெயில்ல காய்ஞ்சு பொரிஞ்சு போச்சு. மாமியார் சொன்ன அதே ஓதம்தான். யுனெஸ்கோ 1974ல உலகம் பூரா காசு கேட்டு, மோட்டார் வச்சுத் தண்ணியை இறைச்சு, சுவத்துக்கு மண்ணைக் குழைச்சுப் பூசி எப்படியோ காப்பாத்திக்கிட்டு வந்தாங்க. 2022 ஆகஸ்ட்ல பேஞ்சுது பாருங்க மழை. வருஷம் முழுக்க நூத்திச் சொச்சம் மில்லிமீட்டர் பெய்யுற ஊர்ல பத்துப் பதினோரு நாள்ல 780 மில்லிமீட்டர் கிட்ட கொட்டிருச்சு. பூசியிருந்த மண்ணு கரைஞ்சு ஓடிருச்சு, சில சுவரு சரிஞ்சிருச்சு, தெருவெல்லாம் குளம். அந்தக் காலத்துல வடிகாலுக்குப் பேர் போன ஊரு அது.

காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், இது ப்ளஸ் டூ பாடம் அளவுக்கு நிச்சயமான விஷயம். பிடிச்சு வச்சதை எங்கயாவது ஒரே இடத்துல கொட்டும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, மறந்திருக்க மாட்டீங்க, தாமிரபரணி ரெண்டு கரையும் போச்சு. அதே மாவட்டத்துல அதே ஆத்தங்கரையில ஆதிச்சநல்லூர் இருக்கு, மண்ணுக்குள்ள முதுமக்கள் தாழி. தாழின்னா சுட்ட மண்ணுதானே. மூவாயிரம் வருஷமா ஒரு அளவு ஈரத்துல பழகிப் போன மண்பானை, திடீர்னு ஊறிப்போய் அப்புறம் திடீர்னு வெயில்ல காஞ்சா என்ன ஆகும்னு பானை செய்யுற வீட்ல போய்க் கேளுங்க.

இங்கதான் எனக்கு ஒரு ஆதங்கம். கீழடியில தோண்டி, அளந்து, படம் எடுத்து, வரைஞ்சு, எல்லாம் பதிவு பண்ண பிறகு குழியை மண்ணு போட்டு மூடினாங்க இல்லையா, அப்ப வாட்ஸ்அப்ல என்னா பேச்சு! தமிழன் வரலாறை மறைக்கிறாங்க, குழி தோண்டிப் புதைக்கிறாங்கன்னு. கீழடி அகழாய்வுல அரசியல் சண்டை இருந்துச்சு, அது வேற கதை, அதுக்குள்ள நான் போகல. ஆனா மூடுறதுங்கிறது வைத்தியம்ங்க. செங்கலுக்கு மண்ணை விட நல்ல போர்வை கிடையாது, ஈரம் ஒரே அளவா இருக்கும், வெயில் படாது, உப்பு கரைஞ்சு இறுகுற ஆட்டம் நடக்காது. மொகஞ்சதாரோவைக் கூட திரும்ப மூடிரலாம்னு சொல்றவங்க இருக்காங்க. திறந்து வச்சு நாம ஆசை தீரப் பாக்கணும்னா மேல கூரை, சுத்தி வடிகால், அடியில தண்ணி வராம வேலை, அதுக்கு வருஷா வருஷம் காசு, ஆளு, இதெல்லாம் வேணும். அதுக்குத் தயார்னா திறங்க. ரெண்டு தார்ப்பாய் போட்டுட்டுப் போறதா இருந்தா மூடி வைக்கிறதே மரியாதை.

வறண்ட ஊர்லயும் தப்பல. சிலி நாட்டுல அரிக்கான்னு ஒரு ஊரு, அட்டகாமா பாலைவனம். எகிப்துக்காரங்களுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே அங்க சின்சோரோன்னு மீன் பிடிக்கிற ஜனங்க செத்தவங்களைப் பதப்படுத்தி வச்சாங்க, ஏழாயிரம் வருஷத்துப் பிணம் தோலோட இருந்துச்சு. மியூசியத்துல வச்சிருந்ததுல சிலது கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி கருப்பா, கொழகொழன்னு ஆக ஆரம்பிச்சிருச்சு. ஹார்வர்டுல இருந்து ஆராய்ஞ்சு பாத்தப்ப தோல்ல சாதாரணமா வாழுற பாக்டீரியாதான், காத்துல ஈரம் கூடினதும் அதுக்குத் தெம்பு வந்து தோலைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. நம்ம வீட்டுப் பீரோவுல பட்டுப்புடவை பூஞ்சை பிடிக்கிற கதைதான். ஓலைச்சுவடி வச்சிருக்கிற வீட்டுக்காரங்களுக்கும் இதைச் சொல்லிக்கிறேன், அந்தக் காலத்துல அடுப்புப் புகை படுற மாதிரி பரண்ல போட்டு வச்சதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு, இப்ப கேஸ் அடுப்பு வந்துருச்சு, புகை இல்ல, சுவடி மட்டும் அதே பரண்ல இருக்கு.

சரி, சிமெண்டுக்கு வரேன். இதைச் சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. பழைய கட்டடம் சுண்ணாம்புல கட்டினது, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேத்து அரைச்சு, வாரக்கணக்குல புளிக்க வச்சுப் பூசினது. அந்தக் காரை மூச்சு விடும். ஈரம் ஏறினா அது வழியா வெளிய போயிரும், உப்பு காரையில பூக்கும், காரை உதிரும், உள்ள இருக்கிற செங்கல் தப்பிச்சுக்கும். ரொம்ப உதிர்ந்துச்சுன்னா கொத்திட்டு மறுபடி பூசுவாங்க. காரைங்கிறது தேயறதுக்குன்னே போடுற செருப்பு மாதிரி. அதை நாம அசிங்கமா இருக்குன்னு பேத்துட்டு மேல சிமெண்ட் பூசுறோம். ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே ஏறுது, ரெண்டு அடியில நின்னது நாலு அடிக்குப் போகுது, உப்பு செங்கலுக்குள்ளேயே இறுகுது, ஒரு நாள் சிமெண்ட் பாளமா பேந்து விழும், விழும்போது செங்கலோட முன்பக்கத்தையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரும். எங்க பக்கத்துல ஒரு சின்னக் கோயில், பேரு வேண்டாம், திருப்பணின்னு பழைய காரை முழுக்கக் கொத்தி எடுத்து சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சாங்க. நான் போய் சொன்னேன். "மேடம், டோனர் வந்து காசு குடுத்துருக்காரு, அவரு வந்து பாக்கறப்ப பளிச்சுன்னு இருக்க வேணாமா?" அப்படின்னாங்க. மூணு மழைதான். இப்ப போனா அம்மன் சன்னதிப் பின் சுவத்துல பாளம் பாளமா தொங்குது. மழை கூடுது, ஈரம் கூடுது, நாம அதுக்கு வெளிய போற கதவையும் சாத்திட்டோம்.

காசுன்னதும் ஞாபகம் வருது. பெரிய சுவரு கட்டணும்னா கோடிக் கணக்குல வரும், கல்வெட்டு வப்பாங்க, திறப்பு விழா இருக்கும். கோயில் மேல்தளத்துல அரசமரக் கண்ணைப் பிடுங்குறதுக்கும், தளத்துத் தண்ணி போற தூம்புல அடைச்சிருக்கிற இலையை ஐப்பசிக்கு முன்னாடி எடுக்குறதுக்கும், சுவரோரம் உயர்ந்து போன மண்ணை வெட்டி எடுக்குறதுக்கும், சுண்ணாம்பு அரைக்கத் தெரிஞ்ச கொத்தனாருக்கு வருஷத்துக்கு பத்து நாள் கூலி குடுக்கிறதுக்கும் யாரும் கல்வெட்டு வைக்கிறதில்ல. 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் நேரா மாமல்லபுரத்துக்கிட்டத்தான் கரையைக் கடந்துச்சு. டிவியில மரம் விழுந்ததைக் காட்டினாங்க, படகு உடைஞ்சதைக் காட்டினாங்க. நியாயம்தான், அவங்க பொழைப்பு முதல்ல. புயல் முடிஞ்ச மறுநாள்ல இருந்து கல்லுக்குள்ள போன தெறிப்புத் தண்ணி காய ஆரம்பிக்குது பாருங்க, நான் பேச வந்தது அந்த நாளைப் பத்தி. வெனிஸ்ல 2019 நவம்பர்ல 187 சென்டிமீட்டருக்குத் தண்ணி ஏறி செயின்ட் மார்க் சர்ச்சுக்குள்ள போச்சு, வடிஞ்ச பிறகுதான் அவங்களுக்கு வேலையே, தூண்ல உப்பு பூக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு ரெண்டு விரலைக் காட்டுது, ரெண்டு நிமிஷமாம். கோட்டுக்கு வரேன்.

எங்க சுவத்துல முதல் கோடு 1988. ரொம்ப வருஷத்துக்கு எல்லாக் கோடும் ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சுக்கிட்டு முட்டி உயரத்துல கெடக்கு, சில வருஷம் கீழகூட இறங்கியிருக்கு. சுனாமிக்கு அப்புறம் வந்த தையில ஒரேயடியா ஏறியிருக்கு. அதுக்கப்புறம் வீட்ல கல்யாணம் வருதுன்னு எங்க வீட்டுக்காரரே ஆளை விட்டு அந்தச் சுவத்துக்கு சிமெண்ட் பூசிட்டாரு, நான் ஊர்ல இல்ல, வந்து பாத்தா என் பென்சில் கோடெல்லாம் போச்சு. சண்டை போட்டேன். நோட்டுல அளவு எழுதி வச்சிருந்ததால திரும்ப அளந்து சிமெண்ட் மேலேயே கோடு போட்டேன். அதுக்கப்புறம் போட்ட கோடெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மேலதான், ஸ்விட்ச் போர்டைத் தாண்டிருச்சு, போன தையில மாமனார் போட்டோவோட கீழ் சட்டத்தைத் தொட்டுருச்சு. இதுல கடல் எவ்வளவு, கெணத்துல உறிஞ்சினது எவ்வளவு, எங்க வீட்டுக்காரர் பூசின சிமெண்ட் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது, இத்தனை வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தும் முடியாது. வர்ற தைக்கு முன்னாடி அந்தச் சுவத்துல மட்டும் சிமெண்டைக் கொத்திட்டு சுண்ணாம்பு பூசலாம்னு இருக்கோம், பொறையார்ல ஒரு வயசான கொத்தனாரு இருக்காரு, கடுக்காய் ஊற வைக்கவே பத்து நாள் ஆகும்மா, அவசரப்படுத்தினா வர மாட்டேன்னு சொல்லிட்டாரு. போட்டோவை மட்டும் இப்பவே கழட்டி மேற்குச் சுவத்துல மாட்டியாச்சு.

வணக்கம்ங்க.